கடற்கரை, புத்தகம், துணை: நீரிழிவு உள்ளவரின் வெளிநாட்டு விடுமுறை

நீரிழிவு உள்ள ஒருவர் தம் வாழ்க்கைத் துணையுடன் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றுக்குச் சென்று, சில நாள்கள் நீந்தியும் படித்தும் உறங்கியும் திரும்புவதற்கு நோய் ஒரு தடையன்று. இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும். கடற்கரை விடுமுறையின் இன்பம் நேரத்தை மறப்பதில் இருக்கிறது. நீரிழிவோ நேரத்தை மறக்க விடாத நோய். இவ்விரண்டையும் எவ்வாறு ஒத்துப்போகச் செய்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. நோயாளருக்காக மட்டுமன்றி, உடன் செல்லும் துணைவருக்காகவும் இது எழுதப்பட்டுள்ளது. அவருக்கும் அது விடுமுறையே.

எடுத்துக்காட்டாக மாலத்தீவு இங்கே கொள்ளப்படுகிறது. அது தமிழ்நாட்டுக்கு அருகில் உள்ளது. மேலும், மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்னும் கேள்வியை வேறு கடற்கரைகளில் எளிதில் மறந்துவிடலாம். தீவில் மறக்க இயலாது. பிற நாட்டுக் கடற்கரைக்குச் செல்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பயன்படும்.

செல்லும் இடத்தை முன்னரே அறிதல்

மாலத்தீவு சுமார் 1,200 சிறு தீவுகளால் ஆனது. அவற்றுள் ஏறத்தாழ 200 தீவுகளில் மட்டுமே உள்ளூர் மக்கள் வாழ்கின்றனர். சுற்றுலா விடுதிகள் பெரும்பாலும் தனித்தனித் தீவுகளில் அமைந்துள்ளன. தலைநகரான மாலேக்கு அருகில் உள்ள தீவுகளுக்கு விரைவுப் படகில் செல்லலாம். தொலைவில் உள்ளவற்றுக்குக் கடல் விமானத்தில் செல்ல வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். இரவில் உடல்நிலை மோசமானால் படகே வழி என்பதை முன்பதிவுக்கு முன் மனத்தில் கொள்ளுங்கள்.

ஆகவே, அறையின் அழகைக் காட்டும் படங்களைப் பார்க்கும் முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தீவிலேயே மருத்துவர் தங்கியிருக்கிறாரா, அறையில் குளிர்சாதனப் பெட்டி உண்டா, இரவில் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லப் படகு கிடைக்குமா, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். மாலே நகரில் இந்தியாவின் உதவியுடன் கட்டப்பட்டு 1995 இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை உள்ளது. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், சர்க்கரை குறைவதை உணர இயலாதவர்கள், சிறுநீரகப் பாதிப்பு முற்றியவர்கள் ஆகியோர் மாலேயிலிருந்து குறுகிய படகுப் பயணத்தில் உள்ள தீவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தொலைதூரத் தீவின் தனிமை இனிமையானதுதான். எனினும் அருகிலுள்ள தீவிலும் கடல் அதே நீலமே.

பயணக் காப்பீடு எடுக்கும்போது நீரிழிவையும் பிற நோய்களையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும். தீவிலிருந்து படகிலோ விமானத்திலோ நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்குமா என்பதைத் தனியே கேட்டறியுங்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. மாலத்தீவின் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி நேரம் பின்தங்கியது. ஆனால் விருந்தினர்கள் பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகத் துய்க்க வேண்டும் என்பதற்காகப் பல விடுதிகள் தங்கள் கடிகாரத்தை நாட்டின் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்கின்றன. அத்தகைய தீவில் கடிகாரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முந்தியிருக்கும். கைப்பேசி ஒரு நேரமும் விடுதி வேறொரு நேரமும் காட்டினால் குழம்ப வேண்டா. நீண்ட நேரம் செயற்படும் இன்சுலினுக்கு மட்டும் ஒரு கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருங்கள். அரை மணி வேறுபாட்டுக்காக மருந்தின் அளவை மாற்றத் தேவையில்லை. பல மணி நேரம் வேறுபடும் நாடுகளுக்குச் செல்வோர் புறப்படும் முன் தங்கள் மருத்துவரிடம் அளவும் நேரமும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மருந்தை எடுத்துச் செல்லுதல்

இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறைந்துபோகக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், பின்னர் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படாது. அறையின் சிறு குளிர்சாதனப் பெட்டியிலும் உறைபனிப் பகுதிக்கு அருகில் வைக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பெரும்பாலும் நான்கு வாரங்கள் வரை சாதாரண அறை வெப்பத்தில் வைத்திருக்கலாம். துல்லியமான கால அளவு அதனுடன் வரும் தாளில் இருக்கும். கடற்கரைப் பையினுள், வெயிலில் கிடக்கும் பேனாவுக்கு இது பொருந்தாது. நீரில் நனைத்து ஆவியாதல் மூலம் குளிர்விக்கும் உறைகள் வறண்ட காற்றில் நன்கு செயற்படும். ஈரம் நிறைந்த தீவுக் காற்றில் அவற்றின் ஆற்றல் குறையும். எனவே காற்றுப் புகாத சிறு குளிர்ப் பெட்டியே மேலானது. பனிக்கட்டி இன்சுலினை நேரடியாகத் தொடாதவாறு துணியில் சுற்றி வையுங்கள்.

தேவைப்படும் அளவைப்போல் இருமடங்கு மருந்து எடுத்துச் சென்று, அதை இருவர் கைப்பைகளிலும் பிரித்து வையுங்கள். மருந்தின் பொதுப்பெயருடன் எழுதப்பட்ட மருந்துச் சீட்டும், ஊசிகள் எதற்கு என்று விளக்கும் மருத்துவர் கடிதமும் உடன் இருக்கட்டும். மருந்துகள் அவற்றின் மூல உறையிலேயே இருப்பது சுங்கச் சோதனையில் உதவும். தூக்க மாத்திரை, கடுமையான வலிக்கான மாத்திரை போன்றவற்றுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி தேவை. அந்நாட்டுத் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். இன்சுலின் பம்ப் அணிந்தவர்கள் அதை எக்ஸ்ரே பொறிக்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து மாலேக்குப் பறக்கும் நேரம் குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து தொலைவே சுமார் 600 கிலோமீட்டர்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் பறப்பவர்களுக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுவதால், அவர்கள் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். அமர்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்ட வேண்டும். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே வாயுக் குமிழ் வைக்கப்பட்டவர்கள், அது முற்றிலும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் அவ்வாயு விரிந்து பார்வையைப் பறித்துவிடும்.

கடற்கரையில் படித்தல்

விடுமுறைப் படிப்பைப் பற்றி ஒரு நலவாழ்வுப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். இருக்கிறது. வீட்டில் படிப்பவரை ஏதாவது ஒன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். குக்கர் விசில் அடிக்கும், அழைப்பு மணி ஒலிக்கும், பேரப்பிள்ளை வந்து நிற்கும். கடற்கரையில் சாய்வு நாற்காலியில் படுத்துக் கதையில் ஆழ்ந்தவரை எழுப்ப எதுவும் இல்லை. அதற்காகத்தானே அங்கே செல்கிறோம். ஆனால் மூன்று மணி நேரம் இப்படிக் கழியும்போது உடலில் சில நிகழ்கின்றன.

முதலாவது, நிழல் நகர்கிறது. ஒன்பது மணிக்குக் குடையின் நடுவே இருந்தவரின் பாதங்கள் பதினொரு மணிக்கு வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கும். நரம்புப் பாதிப்பால் உணர்வு குறைந்த பாதம் சுடுவதைச் சொல்லாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள மாலத்தீவில் புறஊதாக் கதிரின் குறியீட்டெண் நண்பகலில் 11 ஐயும் தாண்டும். இது மிகக் கடுமையான அளவு. வெண்மணலும் நீரும் கதிரைத் திருப்பி அனுப்புவதால் நிழலில் இருப்பவரும் ஓரளவு அதைப் பெறுகிறார். மாநிறத்தவர், கறுப்பு நிறத்தவர் ஆகியோரின் தோலும் வெந்துபோகும். சிவப்பது கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை, அவ்வளவே. இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, கிருமித்தொற்றுக்கான டாக்சிசைக்ளின் ஆகியவை தோலை வெயிலுக்கு மேலும் கூருணர்வு உடையதாக்கும். பாதத்தின் மேற்புறத்தையும் விட்டுவிடாமல் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து வெளிவந்ததும் மீண்டும் தடவுங்கள். பாதத்தின் மேல் ஒரு பருத்தித் துண்டைப் போட்டுக்கொள்வது அதனினும் எளிது.

இரண்டாவது, நீர் குறைகிறது. கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு வியர்க்கிறது என்பதே தெரிவதில்லை. உடலில் நீர் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஏறும். மணியைப் பார்த்துக்கொண்டு படிப்பது படிப்பே அன்று. ஆகவே அத்தியாயத்தை அளவாகக் கொள்ளுங்கள். இரண்டு அத்தியாயம் முடிந்தால் ஒரு குவளை நீர், நிழல் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை, எழுந்து சில அடி நடை. இதய அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள், வெப்ப நாட்டில் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. காலையில் இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டவர், கதை விறுவிறுப்பாகச் செல்கிறது என்று மதிய உணவை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் சர்க்கரை குறையும். உடல் சூடாக இருக்கும்போது செலுத்திய இன்சுலின் விரைவாக இரத்தத்தில் கலக்கும் என்பதால் குறைவு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. சர்க்கரை குறையும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, எழுத்துகள் கலங்குவது, கதை பிடிபடாமல் எரிச்சல் வருவது ஆகியவை தொடக்க அறிகுறிகளாக இருக்கக்கூடும். நூல் சலிப்பூட்டுகிறது என்று முடிவு செய்வதற்கு முன் சர்க்கரையை ஒருமுறை பாருங்கள்.

அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் 15 முதல் 20 கிராம் வரை விரைவாகச் சேரும் சர்க்கரை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை நீரில் கலந்து குடிக்கலாம். அரைக் குவளைக்குச் சற்று அதிகமான பழச்சாறும் போதும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். மாம்பழம் உரித்த கையில் விரல் குத்திச் சோதித்தால் அளவு தவறாகக் கூடுதலாகக் காட்டும். எனவே கையைக் கழுவித் துடைத்த பிறகே சோதியுங்கள். சோதனைப் பட்டைகள் உள்ள குப்பியை இறுக மூடி நிழலில் வையுங்கள்.

தோலில் ஒட்டிய உணரியின் மூலம் சர்க்கரையைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலில் வைத்த கைப்பேசி மிகுந்த சூடேறித் தானே அணைந்துவிடக்கூடும். அணைந்த கைப்பேசி எச்சரிக்கை ஒலி எழுப்பாது. கைப்பேசியிலேயே நூலைப் படிப்பவர்களின் மின்கலமும் விரைவில் தீரும். நூலுக்கு ஒரு கருவி, உணரிக்கு ஒரு கருவி என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒலிநூல் கேட்பவர்கள் ஒரு காதை மட்டும் அதற்குக் கொடுத்து, மறு காதை எச்சரிக்கை ஒலிக்கும் துணையின் குரலுக்கும் விட்டுவையுங்கள்.

கண்களும் எழுத்துகளும்

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையில் நீரின் அளவு மாறிப் பார்வை தற்காலிகமாக மங்கலாம். விடுமுறையில் உணவும் நேரமும் மாறுவதால் இது பலருக்கு நேர்கிறது. உடனே புதிய கண்ணாடி வாங்க வேண்டா. சர்க்கரை சீரான சில வாரங்களில் பார்வை பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, ஒளிக்கீற்றுகள் தோன்றுவது ஆகியவை விழித்திரையின் அவசர நிலைகள். இவற்றுக்கு ஊர் திரும்பும் வரை காத்திருக்கக் கூடாது.

படிப்பதற்கான கண்ணாடி இரண்டு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று மணலில் தொலையும். நண்பகல் வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூச வைக்கும். புறஊதாக் கதிரை முற்றிலும் தடுக்கும் குளிர்க்கண்ணாடியில் படிப்பதற்குரிய பவரையும் சேர்த்துச் செய்து தருமாறு கண்ணாடிக் கடையில் கேட்கலாம். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் மின்னூல் கருவி பேருதவியாக இருக்கும். மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தீவில் இணைய இணைப்பு மெதுவாக இருக்கலாம் என்பதால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கடல் விமானத்தில் எடை வரம்பு கண்டிப்பானது என்பதும் மின்னூலுக்கு ஆதரவான ஒரு காரணம்.

என்ன படிக்கலாம் என்று சொல்வது இப்பக்கத்தின் வேலையன்று. எனினும் இடையிடையே எழ வேண்டிய ஒருவருக்கு வார இதழ்களில் தொடராக வந்த பழைய நாவல்கள் பொருந்தும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அத்தியாயங்கள் சிறியவை, நிறுத்துவதற்கு இடம் தானாகவே அமையும், தொடர்வதற்கு ஆவலும் மிஞ்சும். ஐந்து பாகங்களையும் அச்சு நூலாகச் சுமந்து செல்வது மட்டும் விரல் மூட்டுகளுக்கு நல்லதன்று. சிரிக்க விரும்புவோர்க்குத் தேவனின் துப்பறியும் சாம்பு உண்டு. செல்லும் இடத்தைப் பற்றியே படிக்க விரும்புவோர், பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாகப் பணியாற்றிப் பின்னர் மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதாவின் பயணக் குறிப்புகளை நாடலாம். நீரிழிவைப் பற்றிய நூல்களை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

பார்வை குறைந்தவருக்குத் துணைவர் உரக்கப் படித்துக் காட்டுவதும் ஒரு வழி. திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்கள் இதைச் செய்யக் கூச்சப்படுவதுண்டு. முதல் பக்கம் தாண்டினால் கூச்சம் போய்விடும்.

உடனிருக்கும் துணைவருக்கு

உங்கள் துணை மடியில் புத்தகம் நழுவிக் கிடக்கக் கண்மூடியிருக்கிறார். உறங்குகிறாரா, சர்க்கரை குறைந்து மயங்கிக்கொண்டிருக்கிறாரா? இந்தக் கேள்வியே பல துணைவர்களின் விடுமுறையைக் கெடுக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதால் அவர்கள் தம் நூலில் ஒரு பக்கமும் நகர்வதில்லை. எழுப்பிக் கேட்டால் உறங்குபவருக்குச் சினம் வருகிறது.

இதற்குப் புறப்படும் முன்பே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். கையைத் தொட்டுப் பெயர் சொல்லியோ வழக்கமாக அழைப்பதுபோலவோ ஒருமுறை அழைப்பது. அவர் ஏதேனும் ஒரு சொல்லில் தெளிவாகப் பதில் சொல்வது. அதற்குமேல் கேள்வி இல்லை. நிழலில் காற்றோட்டமான இடத்தில் இருந்தும் குளிர்ந்த வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, பொருந்தாத பதில், எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். சோதிக்க இயலாவிட்டால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்குக் குளுக்கோஸ் நீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மருத்துவர் குளுக்ககான் மருந்து பரிந்துரைத்திருந்தால் அதைச் செலுத்தி, விடுதியின் மருத்துவரை அழையுங்கள். அந்தத் தொலைபேசி எண்ணை முதல் நாளே உங்கள் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

“சர்க்கரை பார்த்தாயிற்றா?” என்ற கேள்வியை நாள் முழுவதும் கேட்பதற்குப் பதிலாக, காலை உணவுக்கு முன், நீரில் இறங்கும் முன், மதிய உணவுக்கு முன், உறங்கும் முன் என்று வேளைகளை இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்ளலாம். வாகனம் ஓட்டுதல் போன்றவற்றுக்கு இவை போதுமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இவ்வேளைகளில் சோதிப்பது நோய் உள்ளவரின் பொறுப்பு. மற்ற நேரத்தில் துணைவர் காவலர் அல்லர்.

அத்துடன், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது துணைவர் முற்றிலும் விடுபட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான பரிந்துரை. அந்த நேரத்தில் நோய் உள்ளவர் சோதித்து முடித்து, குளுக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு, பணியாளர்களின் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்திருக்கலாம். துணைவர் வேறிடத்தில் தம் நூலைப் படிக்கட்டும், நீந்தட்டும், ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். ஆண்டு முழுவதும் உணவையும் மாத்திரையையும் கணக்கிட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் சிறிதன்று.

நீரில் இறங்கும்போது

நீந்துவது சர்க்கரையைக் குறைக்கும்; அந்த விளைவு பல மணி நேரம் கழித்து, இரவிலும் தொடரலாம். இன்சுலின் எடுப்பவர்கள் 100 மி.கி./டெ.லி.க்குக் குறைவாக இருந்தால் முதலில் சிறிது மாவுச்சத்து உண்டு, அளவு உயர்ந்த பிறகே இறங்க வேண்டும். 250க்கு மேல் இருந்து உடல்நலமும் சரியில்லை என்றால் அன்று நீந்த வேண்டா. தனியே நீந்தாதீர்கள். நீர் புகாத உறையில் குளுக்கோஸைத் துணைவர் தம்மிடம் வைத்திருக்கட்டும். நீரடியில் உணரியின் செய்தி கைப்பேசிக்கு எட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கடல் நீரோட்டம் உங்களை வெளியே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு நின்ற பின் கரையை நோக்கித் திரும்புங்கள்.

பாதங்கள்

நண்பகல் மணல் சில நிமிடத்தில் பாதத்தைச் சுடும். உணர்வு குறைந்தவர் அறைக்குத் திரும்பிக் கொப்புளத்தைப் பார்த்த பிறகே அறிவார். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலை இழப்பதில் முடிந்தவர்கள் உண்டு. ஆகவே மணலிலும் நீரிலும் காலணி அணியுங்கள். விரலிடை வார் உள்ள செருப்பைவிட, முன்புறம் மூடிய, நனையக்கூடிய காலணி ஏற்றது. பவளப்பாறை கீறினால் குடிநீரால் நன்கு கழுவி, கிருமிநாசினி இட்டு மூடுங்கள். கடல்நீரில் உள்ள சில கிருமிகள் நீரிழிவும் கல்லீரல் நோயும் உள்ளவர்களில் வேகமாகப் பரவும். சிவப்பு, வீக்கம், காய்ச்சல் தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

நச்சு முள் உள்ள மீன் குத்தினால் காலைத் தாங்கக்கூடிய வெந்நீரில் அமிழ்த்துவது வலியைக் குறைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: நீரின் சூட்டை நோயாளரின் கால் கொண்டு அளக்கக் கூடாது, துணைவர் தம் கையால் பார்க்க வேண்டும். மாலையில் பாதங்களைக் கழுவி, விரலிடைகளைத் துடைத்து, துணைவர் ஒருமுறை உள்ளங்காலைப் பார்ப்பதை அன்றாட வழக்கமாக்குங்கள். தமக்குத் தெரியாத இடம் அது ஒன்றே.

உணவு, மது, வயிற்றுப்போக்கு

விடுதியில் பல வகை உணவு பரப்பி வைக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை. மீனும் காய்கறியும் முதலில், இனிப்பு கடைசியில் சிறிதளவு என்பது போதும். மாலத்தீவுக்குள் மதுவைக் கொண்டுசெல்லச் சட்டம் இடந்தராது. சுற்றுலா விடுதிகளில் அது கிடைக்கிறது. மது அருந்துபவர் அறிய வேண்டியது, அது கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைத் தடுத்து, மறுநாள் காலை வரைகூடச் சர்க்கரைக் குறைவை உண்டாக்கலாம் என்பது. வெறும் வயிற்றில் வேண்டா.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடியுங்கள். அதில் சர்க்கரை இருக்கிறதே என்று நீரிழிவு உள்ளவர்கள் அஞ்சி விட்டுவிடுகிறார்கள். நீரிழப்பே அதைவிடப் பெரிய ஆபத்து. இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் போன்றவற்றை நோயுற்ற நாளில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்; இதற்கான அறிவுரையைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுத்தில் பெறுங்கள்.

நெருக்கம்

தம்பதியரின் விடுமுறையில் உடல் நெருக்கத்துக்கும் இடமுண்டு. அதுவும் உடலுழைப்பே, சர்க்கரை குறையலாம். படுக்கையருகே குளுக்கோஸ் இருக்கட்டும். நீரிழிவு உள்ள ஆண்களில் விறைப்புக் குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. அது மருத்துவரிடம் பேச வேண்டிய ஒன்று, மறைக்க வேண்டியதன்று. சில்டெனாஃபில் போன்ற மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்ளாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும்.

திரும்பிய பின்

மாலத்தீவு மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் சான்றளித்துள்ளது. டெங்கு அங்கே உண்டு. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே சென்று வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். பாராசிட்டமால் தவிர, ஐபுபுரூஃபென் போன்ற வலி மருந்துகளை அவர் சொல்லாமல் எடுக்காதீர்கள். இதயத்துக்காக நாள்தோறும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று அவரிடமே கேளுங்கள். வெயிலில் இருந்ததாகச் சந்தேகமுள்ள இன்சுலின் பேனாவை, மீதி இருந்தாலும், பயன்படுத்த வேண்டா. ஒரு வாரம் பாதங்களை நாள்தோறும் பாருங்கள். ஆறாத கீறல் ஏதேனும் இருந்தால் அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும் நாள் வரை காத்திராமல் உடனே காட்டுங்கள்.